புறக்கணிப்பு யாருடைய ஆயுதம்? 1905 முதல் சுங்குவார்சத்திரம் வரை

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் தயாரிக்கும் அந்த ஆலையின் ஏறத்தாழ 1,800 நிரந்தரத் தொழிலாளர்களில் சுமார் 1,500 பேர் அக்டோபர் 15 வரை, 37 நாள்கள் வேலைக்குச் செல்லவில்லை. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. ஊர்வலம் சென்றவர்கள் கைது செய்யப்பட்டனர். போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் கையில் இருந்த ஆயுதம் ஒன்றுதான்: உழைப்பைத் தர மறுத்தல்.

இத்தகைய போராட்டங்கள் நடக்கும்போதெல்லாம் மேடைகளிலும் கல்லூரி விவாதங்களிலும் காந்தி காலத்து ஒத்துழையாமை இயக்கம் முன்னுதாரணமாகக் காட்டப்படுகிறது. அந்நியத் துணி எரிப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு, கள்ளுக்கடை மறியல் எனப் பாடநூல்கள் தரும் சித்திரம் அனைவருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தச் சித்திரத்தில் சேரி இல்லை. புறக்கணிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செயல்கள் அடங்கியிருந்தன என்பதும் அதில் தெரிவதில்லை. பொருளை வாங்க மறுப்பது ஒன்று. உழைப்பைத் தர மறுப்பது மற்றொன்று. ஒரு மனிதரோடு உறவே வைத்துக்கொள்ள மறுப்பது, அவருக்கு நெருப்பும் நீரும் கிடைக்காமல் செய்வது மூன்றாவது. முதல் இரண்டும் பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கிப் பாய்பவை. மூன்றாவது, இந்தியக் கிராமத்தில், பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்வது. விடுதலை இயக்கம் இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்தே கையாண்டது. அந்தக் கலவையைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையில் நாம் செய்ய முயல்வது.

துணியின் விலை யாருக்கு?

1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன்ஹாலில் கூடிய கூட்டம் பிரிட்டிஷ் பொருள்களைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. வங்கப் பிரிவினைக்கு எதிரான அந்தத் தீர்மானம் சுதேசி இயக்கமாகப் பரவியது. மான்செஸ்டர் துணி வாங்குவதை நிறுத்துவது வழக்கறிஞர் வீட்டுக்கு ஒரு கொள்கை. நாளொரு கூலியில் வாழும் உழவுத் தொழிலாளிக்கோ, மலிவான துணியை விட்டு விலை கூடிய துணியை வாங்குவது என்பது அரைவயிற்றுக் கணக்கு. கிழக்கு வங்கத்தில் நாமசூத்திரர்களில் பெரும்பகுதியினர் இந்த இயக்கத்திலிருந்து விலகி நின்றனர். அவர்களின் தலைவரான குருசாந்த் தாக்கூர் கல்வியையும் அரசுப் பணியையும் முன்னிறுத்தினார்; தங்களைத் தொட மறுக்கும் நிலவுடைமையாளர்களின் அழைப்பை ஏற்க அவருக்குக் காரணம் இருக்கவில்லை. இணங்காதவர்கள் மீது சுதேசிகள் பயன்படுத்திய கருவிகளில் சாதி விலக்கும் ஒன்று. நாவிதரும் சலவைத் தொழிலாளியும் புரோகிதரும் அந்த வீட்டுக்குச் செல்லக் கூடாது என்ற கட்டளையை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஊர் காலங்காலமாக வைத்திருந்த தண்டனையை இயக்கம் கடன் வாங்கிக்கொண்டது.

தமிழகத்தில் இதே கருவி வேறொரு முகத்தோடும் வெளிப்பட்டது. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கேட்ட அந்தப் போராட்டம் பத்து நாள்களுக்குள் வென்றது. தொழிலாளர்களின் வயிற்றுக்கு நகரமே பொறுப்பேற்றது. உதவிப் பணம் திரண்டது. நிர்வாகத்துக்குப் பரிந்து பேசியவர்களுக்கு நாவிதர்களும் சலவைத் தொழிலாளர்களும் பணிசெய்ய மறுத்தனர். சுதேசிகளை இகழ்ந்து பேசிய ஒரு வழக்கறிஞர் பாதிச் சவரத்தோடு எழுந்து போக நேர்ந்தது என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. அந்த நாவிதரின் மறுப்பு, ஊர் அவர் மீது சுமத்திய பணியை அவரே தன் விருப்பத்தால் நிறுத்தியது. கட்டளைக்குப் பணிந்து ஒரு ஏழையின் வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

சுதேசிகளின் அரசியலை அதே ஆண்டுகளில் அயோத்திதாசப் பண்டிதர் கடுமையாக விமர்சித்துக்கொண்டிருந்தார். 1907 ஜூனில் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ், சாதியை வைத்துக்கொண்டு சுயராஜ்யம் கேட்பதன் பொருள் என்ன என்ற கேள்வியை விடாது எழுப்பியது. இதை ஆங்கிலேய விசுவாசம் என்று சுருக்கிவிடுவது எளிது. அவர் கேட்டது அதிகாரம் யார் கைக்கு மாறுகிறது என்ற கேள்வி. அதற்கு அன்று பதில் சொல்லப்படவில்லை.

1920 செப்டம்பரில் கல்கத்தா சிறப்பு மாநாட்டிலும் டிசம்பரில் நாக்பூரிலும் காங்கிரஸ் ஒத்துழையாமையை ஏற்றது. பட்டங்கள், நீதிமன்றங்கள், அரசுப் பள்ளிகள், சட்டமன்றங்கள், அந்நியத் துணி ஆகிய ஐந்தும் புறக்கணிக்கப்பட வேண்டியவை. விளைவு சிறிதல்ல. 1920-21இல் 102 கோடி ரூபாயாக இருந்த அந்நியத் துணி இறக்குமதி அடுத்த ஆண்டில் 57 கோடியாக வீழ்ந்தது. ஆயினும் அந்தப் பட்டியலைச் சேரியில் நின்று படித்துப் பாருங்கள். துறப்பதற்கு நமக்குப் பட்டம் இல்லை. நீதிமன்றத்தில் வாதாட நம் வழக்கறிஞர் இல்லை. அரசுப் பள்ளியோ, பல ஊர்களில் கோவில் மண்டபத்திலும் அக்கிரகாரத்திலும் நடந்ததால் நம் பிள்ளைகள் அப்போதுதான் போராடி நுழையத் தொடங்கியிருந்த இடம். சட்டமன்றத்தில் எம்.சி.ராஜா 1920இல்தான் நியமன உறுப்பினராக அமர்ந்தார். சென்னை மாகாண மன்றத்தில் அமர்ந்த முதல் ஆதிதிராவிடர் அவரே. ஒருவர் வைத்திருப்பதைத்தான் துறக்க முடியும்.

புளியந்தோப்பு, 1921

இன்றைய ஆலை வட்டாரத்தில் சங்கம் கட்டுவோர் அவசியம் படிக்க வேண்டிய ஆண்டு 1921. சென்னை பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் இயங்கின. பின்னி நிறுவனத்துக்கு உரிய அவற்றில் பி.பி.வாடியா தலைமையில் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, திரு.வி.க. அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர். 1921 ஜூனில் அங்கே பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த காலம் அது. காங்கிரஸ் மேடையும் தொழிலாளர் மேடையும் கலந்தே இருந்தன.

ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் வேலைக்குத் திரும்பினர். எம்.சி.ராஜா அவர்களுக்குத் துணைநின்றார். சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நின்றனர். ‘கருங்காலி’ என்ற சொல் ஒரு பக்கத்திலிருந்து எறியப்பட்டது. விரைவில் கல்லும் நெருப்பும் எறியப்பட்டன. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்களின் உயிர்கள் பறிபோயின. வீடிழந்த ஆதிதிராவிடர்களுக்கு அரசு முகாம் அமைத்தபோது, அரசு அவர்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று நீதிக்கட்சித் தலைவர் பி.தியாகராயர் குற்றஞ்சாட்டினார். சில ஆண்டுகளுக்குள் ராஜா அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். வேலைநிறுத்தம் தோற்றது.

ஏன் திரும்பினர்? நிர்வாகமும் ஆங்கில அதிகாரிகளும் பிளவை ஊக்குவித்தனர் என்பது உண்மை. அதோடு விளக்கத்தை முடித்துக்கொள்ளும் வரலாறுகளை நாம் ஏற்பதற்கில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் அத்தொழிலாளர்கள் ஒரு நீண்ட கதவடைப்பைக் கடந்து வந்திருந்தனர், கையிருப்பு கரைந்திருந்தது. கிராமத்தில் சிறு நிலமோ கடன் தரும் உறவினரோ உள்ள தொழிலாளி நான்கு மாதம் காத்திருக்கலாம். பண்ணையாள் நிலையிலிருந்து தப்பி நகரத்துக்கு வந்த தொழிலாளிக்குத் திரும்பிச் செல்ல ஊர் இல்லை. ஊர் என்றால் மறுபடியும் பண்ணைதான். ஆலைக் கூலி அவருக்கு வெறும் வருமானமாக இருக்கவில்லை. சாதி கேட்காமல் கையில் தரப்படும் முதல் பணம் அது. அதை நிறுத்திவைக்கச் சொன்ன சங்கம், அவருடைய சேரிக்குள் வந்து அவரோடு உட்கார்ந்து முடிவெடுத்ததா என்ற கேள்விதான் முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும். எரிந்த குடிசைகளே அதற்கான விடை.

வீட்டுமனையும் கட்டளையும்

சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் அனைத்தும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கைதான், 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் அரசாணைக்கு வழிவகுத்தது. அந்த அறிக்கை விவரித்த ஒரு செய்தி நம் பொருளுக்கு மையமானது: சேரி மக்கள் குடியிருந்த மனையே மிராசுதாருக்கு உரியதாகக் கருதப்பட்டது. நிலம் கேட்டு மனுப்போட்டவரையும் வேறிடத்தில் வேலைக்குச் சென்றவரையும் குடிசையை விட்டு வெளியேற்றுவேன் என்று மிரட்ட அவரால் முடிந்தது. இதற்கு அவர் கைநீட்ட வேண்டியதில்லை. வேலை தராமல், கடையில் பொருள் கொடுக்க விடாமல், மேய்ச்சலுக்கும் சுள்ளிக்கும் வழிமறித்தாலே போதும். இரத்தம் சிந்தாத இந்த ஊர்விலக்கையும் ‘அகிம்சை’ என்று வகைப்படுத்த வேண்டியிருக்குமெனில், அகிம்சை என்ற சொல்லைப் பற்றியே நாம் மறுபடி யோசிக்க வேண்டும்.

1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நீர் அருந்தினர். அடிதடி அன்றே நடந்தது. அதைவிட நீண்டு நின்றது, அதற்குப் பின் கொங்கணக் கிராமங்களில் தொடர்ந்த பொருளாதார விலக்கு. குத்தகை பறிபோனது, கூலி வேலை நின்றது. பம்பாய் அரசு 1928இல் அமைத்த ஸ்டார்ட் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்தார். தாழ்த்தப்பட்டோர் தம் உரிமையைக் கோரும் ஒவ்வொரு முறையும் சமூகப் புறக்கணிப்பே அவர்கள் மீது ஏவப்படும் முதல் ஆயுதம் என்பதை அதன் அறிக்கை பதிவு செய்தது. 1935இல் குஜராத்தின் கவிதா கிராமத்தில், பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பியதற்காக அடியும் ஊர்விலக்கும் வந்தன. அம்மக்களுக்கு காந்தி தந்த அறிவுரை, கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்பது. அடிப்படைச் சேவைகளை மறுக்கும் சமூக விலக்கை அவர் கொள்கையளவில் ஏற்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆங்கிலேயருக்கு எதிராகப் பரிந்துரைத்த சத்தியாகிரகத்தை அவர் கவிதாவின் சாதி இந்துக்களுக்கு எதிராகப் பரிந்துரைக்கவில்லை என்று அம்பேத்கர் சுட்டிக்காட்டியபோது அதற்கு மறுமொழி எளிதாக இருக்கவில்லை.

இங்கேதான் அதிகம் பேசப்படாத ஓர் ஆவணத்துக்கு வருகிறோம். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோர் சார்பில் சென்றவர்கள் இருவர்: ஒருவர் அம்பேத்கர்; மற்றவர் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். இருவரும் கையொப்பமிட்டு அளித்த அரசியல் பாதுகாப்புத் திட்டம், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கக் கோரியது. வீடோ நிலமோ வாடகைக்குத் தர மறுத்தல், கூலிக்கு வேலை தர மறுத்தல், வணிகம் செய்ய மறுத்தல், வழக்கமான சேவையைத் தரவோ பெறவோ மறுத்தல் என அது வரையறுத்தது. புறக்கணிப்பவர் மட்டுமல்ல, தூண்டுபவரும் மிரட்டுபவரும் குற்றவாளிகள்.

இந்த வாசகத்தை அவர்கள் எங்கிருந்து எடுத்தனர்? 1922ஆம் ஆண்டு பர்மாப் புறக்கணிப்புத் தடைச் சட்டத்திலிருந்து. பர்மிய தேசியவாதிகளின் புறக்கணிப்பை ஒடுக்க ஆங்கில அரசு இயற்றிய சட்டம் அது. தேசிய இயக்கத்தின் கண்ணில் அது அடக்குமுறை, சரியான மதிப்பீடுதான். அதே வாசகம் சேரியின் கண்ணில் ஒரு கேடயம்; அதுவும் சரியான மதிப்பீடே. அம்பேத்கரும் சீனிவாசனும் அதை அப்படியே நகலெடுக்கவும் இல்லை. தம் தேவைக்கேற்பச் சில மாற்றங்களோடு எடுத்தனர். உண்மையான தொழிற்தகராறை முன்னெடுக்கும் செயல் புறக்கணிப்பு ஆகாது என்ற விதிவிலக்கு அதில் இடம்பெற்றது. அதாவது, தொழிலாளி தன் உழைப்பை நிறுத்தும் உரிமையில் கைவைக்காமலேயே, ஊர் ஒரு குடும்பத்தின் சோற்றை நிறுத்துவதைக் குற்றமாக்க முடியும் என்று அவர்கள் 1930இலேயே எழுதிக் கொடுத்தனர். புளியந்தோப்பு எரிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. ‘தலித் தலைவர்கள் வேலைநிறுத்தத்துக்கு எதிரானவர்கள்’ என்று இன்றும் சொல்வோருக்கு இந்த விதிவிலக்கைப் படித்துக் காட்டலாம்.

நாம் நடத்திய மறுப்புகள்

புறக்கணிப்புக்கு இலக்கானவர்கள் அதை ஏந்தவும் செய்தனர். திருவிதாங்கூரில் 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று அறிவித்தார். காந்தி சம்பாரணுக்குச் செல்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய உழவர் வேலைநிறுத்தம் இது. கோரிக்கை கூலி பற்றியதாக மட்டும் இல்லை, எழுத்தறிவையும் கேட்டது. நிலவுடைமையாளர்கள் பட்டினிக்காகக் காத்திருந்தனர். அய்யன்காளியோ கடலோர மீனவர்களிடம் பேசி, படகுகளில் வேலைநிறுத்தக்காரர்களைச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். வயல் தரிசாகக் கிடந்தது. சேற்றில் இறங்கிப் பார்த்த உடைமையாளர்கள் களைத்துத் திரும்பினர். முடிவில் அரசு தலையிட்டுச் சமரசம் பேச வேண்டியதாயிற்று.

தமிழகத்தில் சாவுக்குப் பறையடிக்கவும் செத்த மாட்டைத் தூக்கவும் மறுத்த ஊர்கள் பல. அம்மறுப்புக்காக அடிவாங்கிய ஊர்களும் பல. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் தோலுரிக்கும் தொழிலாளர்கள் சாட்டையால் அடிக்கப்பட்டபின், சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் மாட்டின் சடலங்கள் கொண்டுவந்து போடப்பட்டன. இனி அகற்ற மாட்டோம் என்றனர். யாரும் செய்ய விரும்பாத வேலையை ஒருவர் மீது சுமத்திவிட்டு, அவரையே இழிந்தவர் என்பது சாதியின் ஏற்பாடு. அந்த வேலை நின்றபோது நாறியது நகரம்.

ஆலைவட்டாரத்தில் இன்று

1930இன் கோரிக்கை சட்டப் புத்தகத்தில் ஏற நெடுங்காலம் பிடித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி நபர் மீதோ குடும்பம் மீதோ குழு மீதோ சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதும், விதிப்பேன் என மிரட்டுவதும் பிரிவு 3(1)(இசட்சி)யின்கீழ் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. வரையறையின் சொற்களைப் பார்த்தால், சீனிவாசனும் அம்பேத்கரும் எழுதியவற்றின் எதிரொலி கேட்கும். வழக்குப் பதிவில் இப்பிரிவு எளிதில் விடுபட்டுப் போகிறது; அடி, இரத்தம், சாதிப்பெயர் வசவு ஆகியவற்றையே காவல் நிலையம் தேடுகிறது. கடையில் பால் தரவில்லை, டிராக்டர் வாடகைக்கு வரவில்லை, மாவு அரைக்கவில்லை என்பவற்றை நாள், நேரம், சாட்சியோடு குறித்துவைப்பது களத்தில் இருப்போரின் வேலை. புகார் மனுவில் பிரிவின் எண்ணையும் எழுதுங்கள்.

ஆலைகள் வந்தபின் மிராசுதாரின் பிடி இவ்வட்டாரத்தில் தளர்ந்தது, மறுப்பதற்கில்லை. பின்னியின் கூலி 1921இல் எதைச் செய்ததோ அதையே ஒரகடத்தின் சம்பளம் பல சேரிகளுக்குச் செய்திருக்கிறது. ஆனால் உறைவிடம் இன்னொருவர் கையில் இருப்பது தொடர்கிறது. அறை வாடகைக்குக் கேட்கும்போது சாதி விசாரிக்கப்படுவது நமக்குத் தெரிந்ததே. விடுதியில் தங்கவைக்கப்படும் பெண் தொழிலாளியின் சோறும் படுக்கையும் வேலையோடு கட்டப்பட்டவை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பாக்ஸ்கான் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குச் சென்றபோது, பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தனர். அவர்களுக்குப் பின்னால் பெரிய சங்கம் இல்லை. ஆலை ஜனவரி 12 வரை மூடிக்கிடந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. திறன்பேசி உற்பத்தியின் உலகச் சங்கிலியில் அந்த ஒரு கண்ணி நின்றால் எங்கே வலிக்கும் என்பது அன்றிரவு தெரிந்தது.

சாம்சங் போராட்டத்தின் கணக்கு சற்றுச் சிக்கலானது. 37 நாள்களும் ஆலை முற்றாக நிற்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டு நிர்வாகம் உற்பத்தியைத் தொடர்ந்தது. 2018இல் ஒரகடத்தின் யமஹா, ராயல் என்ஃபீல்டு, மியாங் ஷின் ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தங்களிலும் நிரந்தரத் தொழிலாளி, பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளி என்ற பிரிவினை குறுக்கே நின்றது. உள்ளே சென்றவர்களைக் ‘கருங்காலி’ என்று அழைக்க நாக்கு துடிக்கும். அவர்களுள் சேரியிலிருந்து வருவோர் உண்டு. வடமாநிலங்களிலிருந்து வந்து பத்துப் பேராக ஓர் அறையில் தங்குவோரும் உண்டு. ஒரு மாதச் சம்பளம் நின்றால் அவர்களுக்கு அறை இல்லை. சங்கத்தின் உறுப்பினர் படிவமோ அவர்களுக்காக அச்சிடப்பட்டதே இல்லை.

சாம்சங் சங்கம் 2025 ஜனவரி 27 அன்று பதிவு பெற்றது. அதற்கு உயர்நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. அடுத்த வேலைநிறுத்தத்துக்கு முன் அந்தச் சங்கமும் இவ்வட்டாரத்தின் பிற சங்கங்களும் ஒப்பந்தத் தொழிலாளரின் அறைகளுக்குச் செல்லுமா, செல்லும்போது அரிசிக்கும் வாடகைக்கும் என்ன ஏற்பாடு என்பதோடு செல்லுமா என்று பார்க்க வேண்டும். தூத்துக்குடியில் நகரம் அதைச் செய்தது. விழிஞ்ஞத்துக் கடற்கரையில் மீனவர்கள் செய்தனர். பெரம்பூரில் யாரும் செய்யவில்லை.